‘டம்’ என்று சொன்ன சிறுவன்



ஒரு மனிதர் தம் தந்தையை மனத்தில் வைத்து ஒரு நாவல் எழுதுகிறார். 1873 வாக்கில் தொடங்கி 1884 வரை விட்டுவிட்டு எழுதித் திருத்துகிறார். பின்னர் அதை மூடி வைத்துவிடுகிறார். 1886இல் தந்தை மறைகிறார். அப்போதும் கைப்பிரதியை அச்சுக்குக் கொடுக்கவில்லை. உடன்பிறந்த சகோதரிகள் உயிருடன் இருந்தார்கள். 1902இல் அவரும் உலகைவிட்டுப் போகிறார். அடுத்த ஆண்டில்தான், நண்பர் ஸ்ட்ரீட்ஃபீல்டின் முயற்சியால், லண்டனில் கிரான்ட் ரிச்சர்ட்ஸ் பதிப்பகம் அந்நாவலை வெளியிடுகிறது. எழுதியவர் சாமுவேல் பட்லர். நாவலின் பெயர் ‘தி வே ஆஃப் ஆல் ஃபிளெஷ்’. ஊனுடம்பு எடுத்தவை யாவும் செல்லும் வழி என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இது மரணத்தைக் குறிக்கும் வழக்கு.

நூல் வெளிவந்தபோது விக்டோரியா மகாராணி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அவர் காலத்துக் குடும்பங்களின் பக்தியையும் பாசாங்கையும் இதைவிடக் கடுமையாக எள்ளி நகைத்த ஆங்கில நாவல் எங்கள் வாசிப்பில் வேறில்லை. பெர்னார்ட் ஷா இதனை வெகுவாகப் புகழ்ந்தார். எர்னஸ்ட் பான்டிஃபெக்ஸ் என்னும் பாதிரியார் மகன் பிறந்து, வளர்ந்து, அடிபட்டு, வீழ்ந்து, எழும் கதை அது.

எங்களிடம் இருப்பது முதற்பதிப்பன்று. அதன் விலை எங்கள் கைக்கு எட்டாதது. 1908இல் இந்நூலைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்ட ஃபைஃபீல்டு பதிப்பகத்தின் மறுபதிப்புகளுள் ஒன்று. நாங்கள் வாழும் நாட்டிங்ஹாமில், தர்ம காரியத்துக்காக நடத்தப்படும் பழம்பொருள் கடையொன்றில் நான்கு பவுண்டுக்குக் கிடைத்தது. முதுகுத்துணி வெளிறிவிட்டது, தாள்களின் ஓரம் தேநீர் நிறத்தில் பழுத்திருக்கிறது. புத்தகம் முழுவதிலும் யாரும் ஒரு கோடு போடவில்லை, ஓர் இடத்தைத் தவிர. அந்த ஓரிடத்தில், ஒரு பக்கம் நெடுகிலும், மெல்லிய பென்சில் கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடுகிறது. நூறாண்டுகளுக்குள் யாரோ ஒருவர் அங்கே நின்றிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பாதிரியார் தியோபால்டின் இல்லம். பிள்ளைகள் துதிப்பாடல் பாடும் நேரம். சின்னஞ்சிறு எர்னஸ்ட் பாட வேண்டிய பாடல் ‘கம்’ என்ற சொல்லில் தொடங்குகிறது; ‘வா’ என்று பொருள். அவனுக்கோ ‘க’ ஒலி இன்னும் நாவில் ஏறவில்லை. ‘டம்’ என்கிறான். தந்தை திருத்துகிறார். மீண்டும் ‘டம்’. அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று தந்தை முடிவு கட்டுகிறார். மற்றப் பிள்ளைகள் சொல்லும்போது உன்னால் ஏன் முடியாது என்று கேட்கிறார். சிறுவன் தான் சரியாகத்தான் சொல்வதாகப் பதிலளிக்கிறான். அந்தப் பதிலிலும் ‘டம்’ என்றே வருகிறது. அவன் செவிக்குத் தன் சொல் ‘கம்’ என்றே கேட்கிறது! இன்னும் ஒரு வாய்ப்புத் தரப்படுகிறது. முகத்தில் அச்சம் படரப் பார்த்துக்கொண்டே மறுபடியும் ‘டம்’ என்கிறான். தந்தை அவனை அறையைவிட்டு அழைத்துச் செல்கிறார். கூடத்துக்கு அப்பாலிருந்து அலறல் கேட்கிறது. திரும்பி வந்தவர், பையனைப் படுக்கைக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லி, வேலையாட்களைப் பிரார்த்தனைக்கு அழைக்க மணியடிக்கிறார். அடித்த கை சிவந்தபடியே இருக்கிறது.

பட்லர் இதற்கு மேல் அங்கே எதையும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஞாயிறு முழுவதும் ஆராதனை நடத்திக் களைத்த பாதிரியார்களுக்கு அம்மாலையில் மனநிலை சரியிருப்பதில்லை என்று போகிற போக்கில் ஒரு குத்து மட்டும் வைக்கிறார்.

அந்தப் பக்கத்தை வாசித்தபோது எங்கள் காக்காவின் நினைவே வந்தது.

நாங்கள் உடன்பிறந்தோர் நால்வரும் காயல்பட்டினத்தில் ஒரே ஓதற்பள்ளியில் ஓதினோம். மூத்தவர் காக்கா. அவருக்குக் ‘குல்’ என்ற சொல் வரவில்லை. அரபு எழுத்துகளில் இரண்டு ‘காஃப்’ உண்டென்பதும், ஒன்று நாவின் அடிவேரிலிருந்து கனத்து எழ வேண்டும், மற்றது மெலிந்து வர வேண்டும் என்பதும் ஓதிய அனைவரும் அறிந்தவை. கனத்த காஃபில் ‘குல்’ என்றால் ‘சொல்வீராக’ என்று பொருள். மெலிந்த காஃபில் சொன்னால் ‘உண்பீராக’ என்றாகிவிடும். தமிழில் அந்தக் கனத்த ஒலி இல்லை. உஸ்தாதின் கவலை வீண் கவலையன்று. இறைவேதத்தின் பொருள் சிதைவதை எந்த உஸ்தாத்தான் பொறுப்பார்? ஆனால் அக்கவலை பிரம்பின் வழியாக இறங்கியது. “சரியாத்தானே சொல்றேன் லெப்பை” என்று காக்கா அழுதுகொண்டே சொன்னது எங்களுக்கு இன்றும் காதில் ஒலிக்கிறது. எர்னஸ்டின் பதிலும் அதுதானே! ஆறு ஏழு வயதுப் பிள்ளையின் நாவுக்கும் செவிக்கும் நடுவே இப்படி ஓர் இடைவெளி உண்டென்பதை அக்கால லெப்பையும் அறிந்திருக்கவில்லை. அக்கால ஆங்கிலப் பாதிரியாரும் அறிந்திருக்கவில்லை.

வாப்பா அறிந்தே அனுப்பினார். “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க லெப்பை” என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைப்பது அன்றைய மரியாதை. எல்லா வாப்பாமாரும் அதைச் சொன்னார்கள். சொன்னவர்கள் கொடியவர்களல்லர், அதைச் சொல்லாதவருக்குப் பிள்ளையின் மார்க்கக் கல்வியில் அக்கறை இல்லை என்று ஊர் நினைத்தது. உஸ்தாதும் இன்று இல்லை, வாப்பாவும் இல்லை. அல்லாஹ் அவர்களின் கப்றுகளை ஒளியாக்கி வைப்பானாக. உஸ்தாதும் தம் உஸ்தாதிடம் அப்படித்தான் ஓதியிருப்பார்.

காக்கா இப்போது ஐம்பதைக் கடந்தவர், ஐவேளையும் தொழுபவர். ஆனால் பிறர் காதில் விழும்படி குர்ஆன் ஓதமாட்டார். வீட்டில் ஜமாஅத்தாகத் தொழும்போது வயதில் மூத்தவர் அவரே. ஒருநாளும் இமாமாக முன்னே நின்றதில்லை. ரமளானில் எல்லாரும் வட்டமாக அமர்ந்து ஆளுக்கொரு பக்கம் ஓதும்போது அவருக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். அவருடைய பிள்ளைகள் அதை வாப்பாவின் கூச்ச சுபாவம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சிரமத்தோடு, திக்கித் திக்கிக் குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நாங்கள் ஓதிய பள்ளியிலும் அது சொல்லப்பட்டது. பிரம்பு வைத்திருந்த அதே உஸ்தாத்தான் சொன்னார். மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்த்து வைக்குமாறு துஆ கேட்டதையும், தம்மைவிட நாவன்மை உடைய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குத் தருமாறு கேட்டதையும் நாம் மனனம் செய்திருக்கிறோம். வகுப்பு தொடங்கும்போது அந்த துஆவை ஓத வைக்கும் வழக்கம் இன்றும் பல மத்ரஸாக்களில் உண்டு. துஆவை ஓதி முடித்த கையோடு, நாவில் முடிச்சுள்ள பிள்ளையை அடிப்பது எப்படி நமக்கு உறுத்தாமல் போயிற்று?

ஏழு வயதில் தொழ ஏவுங்கள், பத்து வயதில் கண்டியுங்கள் என்ற கருத்துடைய ஹதீஸ் இவ்விடத்தில் சிலருக்கு நினைவு வரும். அது தொழுகையை விடுவது பற்றியது. அதற்கும் முன்பாக மூன்றாண்டுப் பொறுமை இருக்கிறது. முகத்தில் அடிக்கலாகாது, காயம் படலாகாது என்றெல்லாம் ஃபுகஹாக்கள் அதற்கு வேலி போட்டிருக்கிறார்கள். எழுத்து வராத நாவுக்கு அந்த ஹதீஸில் இடமே இல்லை.

நாவலுக்கு வருவோம். அது முழுவதும் அழுகையன்று, பெரும்பகுதி சிரிப்புத்தான். எர்னஸ்டின் ஞானஸ்நானத்துக்கென்று பாட்டனார் ஜார்ஜ் பான்டிஃபெக்ஸ் யோர்தான் நதியின் தண்ணீரை ஒரு புட்டியில் பல காலமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார். எடுத்துவர நிலவறைக்குள் இறங்குகிறார். இருட்டில் கிடந்த கூடை தடுக்கி விழ, புட்டி உடைந்துபோகிறது. பரிசுத்த நீர் தரையில் ஓடுகிறது. பட்லர் எனப்படும் தலைமைப் பணியாள் (நம் எழுத்தாளர் அல்லர்!) பஞ்சுறிஞ்சியால் அதை ஒற்றியெடுத்து, வடிகட்டி, மிச்சத்தைக் காப்பாற்றித் தருகிறார். ஞானஸ்நானம் சிறப்பாக நடக்கிறது. ஹஜ்ஜிலிருந்து வந்த ஸம்ஸம் புட்டியை அலமாரியின் மேல்தட்டில் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, யாராவது அதைத் தொட்டால் வீடே அதிரும்படி சத்தம் போடும் பெரியவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. அவர்களுக்கு இந்த இடத்தை வாசித்துக் காட்டலாம்.

பெருமையைக் கிண்டல் செய்யும் இடங்களும் நமக்குப் புதியவையல்ல. மூன்று வயது நிறையுமுன் எர்னஸ்ட் வாசிக்கிறான், நான்கு நிறையுமுன் இலத்தீன் கற்கிறான். விருந்தினருக்கு அதைக் காட்டுவதில் பெற்றோருக்கு இன்பம். நம்மில் சிலர் மூன்று வயதுக் குழந்தையை ஓத வைத்து, அலைபேசியில் பதிந்து, உறவினர் குழுக்கள் அனைத்துக்கும் அனுப்புகிறோம். குழந்தை அடுத்த ஆண்டு மறுத்தால் என்ன செய்வோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால் இந்நூலில் எங்களை அதிகம் அச்சுறுத்தியது பிரம்பன்று, சோபா. எர்னஸ்டின் தாய் கிறிஸ்டினா அவனை அருகில் அமர்த்தி, தலையைக் கோதி, உள்ளத்தைத் திறந்து பேசச் சொல்கிறாள். அவன் உருகிப்போய்ப் பள்ளித் தோழர்கள் செய்யும் குற்றங்களைச் சொல்லிவிடுகிறான். அவ்வளவும் தந்தையிடம் போகிறது. தந்தை பெயர்வாரியாகப் பட்டியல் எழுதித் தலைமையாசிரியருக்கு அனுப்புகிறார். அடித்த தந்தையை அந்தப் பிள்ளை ஒருவேளை மன்னித்திருக்கலாம். அந்தச் சோபாவை மறக்கவேயில்லை. நம்பிச் சொன்ன பேச்சு அமானிதம் என்று பெரியவர்களுக்குச் சொல்கிறோம். பிள்ளை தாயிடம் சொன்னதும் அமானிதமே. கிறிஸ்டினா கெட்டவளும் அல்லள். அவள் தன் மக்களுக்கு எழுதி வைக்கும் கடிதம் ஒன்று நாவலில் வருகிறது. பட்லர் தம் தாய் எழுதிய உண்மையான கடிதத்தையே ஏறத்தாழ அப்படியே அங்கு வைத்தார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வாசித்துப் பார்த்தால் அது அன்பு நிறைந்த கடிதம்தான். மகன் அதைக் கேலிக்காக வைத்தார். அங்கே எங்கள் மனம் தாயின் பக்கமே சாய்ந்தது. மறைத்து என்ன பயன்?

பட்லர் தம் தந்தைக்கு நியாயம் செய்தாரா என்பது தனிக் கேள்வி. பாதிரியார் குடும்பத்தில் 1835இல் பிறந்தவர். பாட்டனார் பள்ளித் தலைமையாசிரியராகவும் பிஷப்பாகவும் இருந்தவர். பேரனும் கேம்பிரிட்ஜ் சென்று வந்து அதே வழியில் போக வேண்டியிருந்தது. லண்டனில் ஏழைச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்ற பையன்களுக்கும் பெறாதவர்களுக்கும் நடத்தையில் ஒரு வேறுபாடும் இல்லை என்பதைக் கண்டார். அதை வாயைத் திறந்து சொன்னார். குருப்பட்டம் வேண்டாம் என்றார். தந்தையோடு கடிதப் போர் மூண்டது. 1859இல் நியூசிலாந்து சென்று ஆடு மேய்க்கும் பண்ணை நடத்தினார். 1872இல் ‘எரிவான்’ என்ற நூலைப் பெயர் போடாமல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு தாய் இறந்தபோது, மகனின் நூலே அவளைக் கொன்றது என்று தந்தை சொன்னதாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. நாவல் எழுதத் தொடங்கிய காலமும் அதுவே.

இருப்பினும் நாவலுக்குள் ஒரு நேர்மை இருக்கிறது. தியோபால்டும் தம் தந்தையின் வற்புறுத்தலால் பாதிரியார் ஆனவர்தான். இளமையில் அவர் மனமில்லை என்று எழுதுகிறார், ஜார்ஜ் மிரட்டுகிறார், மகன் பணிந்துவிடுகிறார். பணிந்தவர் பிறகு தம் மகனைப் பணிய வைக்கிறார். அடித்தவரும் அடிபட்டவரே என்பதை பட்லர் மறைக்கவில்லை. எர்னஸ்ட் தன் பிள்ளைகளைத் தானே வளர்க்க அஞ்சி, தேம்ஸ் நதிக்கரையில் படகோட்டும் குடும்பமொன்றில் வளர விட்டுவிடுகிறான். தான் பெற்றதைத் தானும் கொடுத்துவிடுவோமோ என்ற அச்சம்! அதை ஒரு தீர்வாக நாவல் முன்வைக்கிறது. எங்களுக்கு அது தீர்வாகத் தோன்றவில்லை. லுக்மான் அவர்கள் தம் மகனுக்கு உபதேசிக்கும் வசனங்களில் ‘யா புனய்ய’ என்ற விளிப்பு மூன்று முறை வருகிறது. என் அருமைச் சின்ன மகனே என்று கொஞ்சும் விளிப்பு அது. தொழுகையை நிலைநாட்டும்படி ஏவுவது அந்த மூன்றாவது விளிப்பை அடுத்துத்தான். பிள்ளையை விட்டு விலகிப் போகாமல், அடிக்காமல், அருகில் இருந்து ஏவும் வழி ஒன்று அங்கே இருக்கிறது.

பட்லர் பிறந்த லாங்கர் கிராமம் எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 10 மைல். அவர் தந்தை ஊழியம் செய்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. சிற்றூருக்குச் சற்றும் பொருந்தாத பெருங்கட்டடம். சென்ற கோடையில் காக்கா வந்திருந்தபோது அவ்வழியாக அழைத்துச் சென்றோம். அப்பள்ளத்தாக்கின் பெயரை எழுத்தைப் பார்த்துப் படித்தால் ‘பெல்வோயர்’ என்றுதான் படிக்க வேண்டும். ஊரார் சொல்வதோ ‘பீவர்’. பலகையைப் படித்துக் காட்டிய எங்கள் மகன், பெரிய வாப்பாவிடம் இதை விளக்கியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இவங்களுக்கே இவங்க எழுத்து வரலையே” என்றார்.

அன்றிரவு இஷாவுக்கு நேரம் இருந்தது. இங்கே கோடையில் இஷா நள்ளிரவை நெருங்கித்தான் வரும். காக்காவுக்கு ஆங்கிலம் வாசித்துப் பழக்கமில்லை. எனவே புத்தகத்தை எடுத்து அங்கங்கே தமிழில் சொல்லிக்கொண்டு போனோம். யோர்தான் தண்ணீருக்கு நன்றாகச் சிரித்தார். பென்சில் கோடிட்ட பக்கம் வந்தபோது பேச்சில்லை. முடித்ததும் புத்தகத்தை வாங்கி அந்தக் கோட்டைச் சற்று நேரம் பார்த்தார்.

“அந்தப் புள்ளைக்கு அப்புறம் அந்த எழுத்து வந்துச்சா தம்பி?”

“வந்துச்சு காக்கா. பெரிய பள்ளிக்கூடம் போனான், கேம்பிரிட்ஜுக்குப் போனான், பாதிரியாராவும் ஆனான். அதுக்கப்புறம் அந்த எழுத்தைப் பத்தி கதையிலே யாருமே பேசலை.”

“தானா வந்துச்சா?”

“தானா வந்திருக்கும் காக்கா. வயசானா வந்துடும்ல.”

அவர் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார். மகன் உளூச் செய்துவிட்டு வந்து தொழுகை விரிப்புகளைப் போட்டான். அவனுக்கு வயது பதினான்கு. காக்காவை முன்னே நிற்கச் சொன்னோம். அவர் தலையசைத்து மறுத்தார். மகனின் தோளைப் பிடித்து முன்னே நிறுத்திவிட்டு, எங்கள் பக்கத்தில் வந்து வரிசையில் நின்றுகொண்டார்.